ஒத்தக் கண்ணுத் தபசு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. சென்னையில் ஒரு பத்திரிகை கம்ப்யூட்டர் சிறப்பிதழ் போடுகிறது. ரயில் டிக்கெட்டுக்கே கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம், இனியும் சும்மா இருந்தால் தப்பு என்று ஆசிரியருக்குத் தோன்றியிருக்கிறது. "சிந்திக்கும் இயந்திரம் பற்றி ஒரு கதை வேண்டும், உங்கள் ஊர் மணத்தோடு" என்று எனக்குக் கார்டு போட்டார். சங்கரன்கோவிலில் சிந்திக்கும் மனிதரையே நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இவருக்கு இயந்திரம் வேண்டுமாம், அதுவும் மணத்தோடு.

எழுதிப் பார்த்தேன்.

"கி.பி. 2050. சங்கரன்கோவில் விண்வெளி நிலையத்தில்—"

அடித்துவிட்டேன். விண்வெளி நிலையம் என்று எழுதியதுமே அங்கே திருவேங்கடம் டவுன் பஸ்ஸுக்கு ஆட்கள் துண்டு போட்டு இடம் பிடிப்பது கண்ணில் தெரிந்தது.

"புரொபசர் ஜெயசிங் தன் சோதனைக்கூடத்தில்—"

இதையும் அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஜெயசிங் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவரை எப்படித் துடைத்துப் புரொபசராக்கினாலும் மணம் போகவில்லை.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது யாகூப் வந்தான். செண்பகா டாக்கீஸ் ஆபரேட்டர், என் பள்ளிக்கூடத் தோழன்.

"என்ன வே, பேதி மாத்திரை முழுங்குனவன் மாதிரி இருக்கீரு?"

விஷயத்தைச் சொன்னேன்.

"மூளையுள்ள மெஷினா? யா அல்லா! நம்ம கொட்டகையில தபசுக்குத் தபசு ஓடுதே, அத எழுதும் வே. கையில வெண்ணெய வச்சிக்கிட்டு மெட்ராஸ்காரனுக்குப் பயப்புடுதீரே."

(வெளியூர் வாசகருக்கு: தபசு என்பது எங்கள் ஊர் ஆடித் திருவிழா. கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் இருப்பாள், சங்கரநாராயணர் காட்சி கொடுப்பார். காட்சி தரும் நேரம் கரிசல்காட்டு ஜனங்கள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் சாமி மேல் வாரி வீசுவார்கள். சூறை விடுவது என்று பேர். மற்ற அடைப்புக்குறிகளை வாசிக்காவிட்டாலும் போகிறது, இதை மறந்துவிடாதீர்கள்.)

2

இப்போது செண்பகவல்லி அக்காவை எழுத வேண்டும். இங்கேதான் எனக்குச் சந்தேகம்.

"கணவனை இழந்த செண்பகவல்லி கண்ணீர் மல்க—"

பொய். அக்கா கண்ணீர் மல்கி நான் பார்த்ததில்லை. தரை டிக்கெட்டில் விசிலடித்தவனைக் காதைப் பிடித்துத் தூக்கி வெளியே விட்டதைப் பார்த்திருக்கிறேன். புருஷன் கட்டிய கொட்டகை, அவள் பேரிலேயே கட்டியது. அவர் போன பிறகு டிக்கெட் கவுண்டரிலும் அவள்தான், இடைவேளையில் முறுக்குத் தட்டைக் கண்காணிப்பதும் அவள்தான்.

ஆனால் கட்டிடம் குடும்பச் சொத்து. கொழுந்தன் மருதப்பனுக்கும் அதில் பங்கு உண்டு. மருதப்பன் தறி முதலாளி. அவருடைய பையன்களுக்கு அந்தக் கொட்டகை மேல் கண். தூண் இல்லாத அவ்வளவு பெரிய இடத்தில் எத்தனை பவர்லூம் போடலாம்! வீட்டில் அப்பாவை நச்சரித்து எடுத்துவிட்டார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனியில் மருதப்பன் வந்து, முகத்தைப் பாராமல், சுவரைப் பார்த்துச் சொன்னாராம்:

"மதினி, இந்தத் தபசுக்குக் கொட்டகை நிறையணும். நிறையலைன்னா ஆவணியில தறிய இறக்கிருவேன். பையங்க தூங்கவிட மாட்டேங்கானுவ."

"நிறையும் தம்பி."

சொல்லிவிட்டாள். நிறைப்பதற்குப் படம்?

3

தபசுக்கு சாமி படம் போட்டால்தான் கூட்டம். ஆனால் மதுரை ஏஜென்டிடம் இருந்த சாமி படங்களை எல்லாம் பெரிய கொட்டகைக்காரர்கள் முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். அக்கா டிரங்க் கால் போட்டுக் கத்தினாள். யாகூப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

"தபசுப் படம் ஏதாவது இருக்காய்யா? தபசு! த-ப-சு!"

மிச்சமிருந்தது ஒரே பெட்டி. இங்கிலீஷ் படம், எந்த ஊரிலும் இரண்டாம் நாள் தாண்டாதது. ஏஜென்ட் கிண்டலாகச் சொல்லியிருக்கிறான்: "இதுவும் தபசுதாம்மா. செவுத்துல ஒரு மெஷினு. அதுக்கு மூளை இருக்கு. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டரம்மா அதுகிட்ட, 'நீ இருக்கணுமா, போகணுமா'ன்னு கேப்பா. அது ஒரு ரீல் முழுக்க உக்காந்து யோசிக்கும். ஜனம் எந்திரிச்சுப் போயிரும்."

கிண்டல் அக்கா காதில் ஏறவில்லை. தபசு என்ற சொல் மட்டும் ஏறியது. மறுநாள் ஊரெல்லாம் நோட்டீஸ்: "ஆடித் தபசை முன்னிட்டு, இயந்திரத்தின் தபசு! இருப்பதா, போவதா? கடைசியில் பதில்!"

பெட்டி வந்ததும் யாகூப் போட்டுப் பார்த்தான். நடுங்கிப்போனான். அந்த ஒரு ரீலில் எதுவுமே இல்லை. சுவரில் ஒற்றைச் சிவப்பு விளக்கு. எதிரே டாக்டரம்மா. வசனம் கிடையாது, பாட்டு கிடையாது. பாதி ரீலிலேயே நிறுத்திவிட்டான். பாதிக் கொட்டகைகளில் ஆபரேட்டர்மார் இந்த இடத்தைத்தான் கத்தரித்து ஓட்டியிருக்கிறார்கள் என்று பிலிமில் இருந்த ஒட்டுகளைப் பார்த்தே கண்டுகொண்டான்.

"அக்கா, இத வெட்டிருவோம். தெரியாது."

"ஏலே, தபசுன்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. தபசையே வெட்டவா? சாமி குத்தமாயிரும். ஓடட்டும்."

4

(முடிவு இல்லாமல் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். இந்தப் பகுதி மெதுவாகப் போகிறது, எடுத்துவிடலாம் என்று ஆசிரியர் இரண்டாவது கார்டில் எழுதியிருந்தார். எடுக்க முடியாது ஐயா. அக்கா எடுக்கவில்லை, நான் எடுக்கவா?)

சாயங்காலம் கோவிலில் காட்சி முடிந்தது. காலையிலிருந்து வெயிலில் நின்ற சனம் உட்கார இடம் தேடியது. நோட்டீஸில் தபசு என்று இருந்தது. கொட்டகை நிறைந்துவிட்டது. மருதப்பன் பெஞ்சு வரிசை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார், நிறைந்ததா என்று எண்ணிப் பார்க்க.

படம் ஆரம்பித்தது. எவனுக்கும் ஒன்றும் புரியவில்லை. குறட்டை கேட்டது. மருதப்பனும் தூங்கிவிட்டார். அந்த மெஷின் அறையில் 'டக்கு டக்கு' என்று ஓயாமல் ஒரு சத்தம். தறி ஓட்டுகிற மனுஷனுக்கு அது தாலாட்டு.

டாக்டரம்மா கேள்வியைக் கேட்டாள். மெஷின் சத்தத்தை நிறுத்தி யோசிக்க ஆரம்பித்தது.

அவ்வளவுதான். சத்தம் நின்றதும் கொட்டகையில் இருந்த தறிக்காரர்கள் அத்தனை பேரும் துள்ளி எழுந்தார்கள். மருதப்பன் பெஞ்சை விட்டே எழும்பி, "ஏலே, நூலு அறுந்துட்டு, பாருங்கல!" என்று கத்தியிருக்கிறார். தறி நின்றால் நூல் அறுந்திருக்கிறது. அது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

"உக்காரும் அண்ணாச்சி. அது தபசுல இருக்கு," என்றாள் குருவிகுளத்துக்காரி ஒருத்தி.

"எதுட்டி?"

"அந்தா, சேப்பு வெளக்கு. அம்மா ஒத்தக் கால்ல நின்னா. இது ஒத்தக் கண்ணுல நிக்குது."

விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. மதுரையில் எழுந்துபோனார்களாம். எங்கள் ஆட்களா எழுந்து போவார்கள்? ஒரு காட்சிக்காகக் காலையிலிருந்து கால் கடுக்க நின்ற கூட்டம் இது. காத்துக்கிடப்பதில் எம்.ஏ. பட்டம் வாங்கியவர்கள். பிள்ளையை மடியில் கிடத்தினார்கள், வெற்றிலை போட்டார்கள், ஒற்றை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முறுக்கு விற்கிறவனைக்கூட 'உஸ்' என்று அடக்கினார்கள். ஒரு கிழவர் மட்டும், "என்ன பாடு படுது பாரு, பாவம்" என்றாராம்.

5

ரீலின் கடைசியில் அந்தச் சிவப்பு விளக்கு பச்சையாக மாறும். மாறிய கணத்தில் மெஷின் இங்கிலீஷில் ஒரே ஒரு சொல் சொல்லும். அதோடு படம் முடியும்.

பச்சை விழுந்தது.

"காட்சி கொடுத்துட்டாரு! அம்மா, தாயே!"

மடியில், மஞ்சப்பையில், முந்தானை முடிச்சில் சூறை விட்டது போக மிச்சமிருந்த பருத்தியும் வத்தலும் திரையை நோக்கிப் பறந்தன. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. வத்தல் ஃபேனில் அடிபட்டுப் பொடியாகி இறங்கியது. அடுத்து நடந்ததை யாகூப் வாயால் கேட்க வேண்டும்: "கொட்டகையே தும்முச்சு வே. ஒத்த ஆளு மாதிரி தும்முச்சு. செவரு அதிருது. டாக்டரம்மா மூஞ்சி பூராப் பஞ்சு."

அந்தக் களேபரத்தில் மெஷின் சொன்ன சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. புரொஜெக்டர் சத்தத்தில் யாகூப்புக்கும் கேட்கவில்லை. கவுண்டரில் இருந்த அக்காவுக்கும் கேட்கவில்லை.

வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டு சண்டை. 'இருக்கேன்னுச்சு' என்று ஒரு கட்சி. 'போறேன்னுச்சு' என்று ஒரு கட்சி. தீர்த்துக்கொள்ள அத்தனை பேரும் மறுநாள் வந்தார்கள். வரும்போது, தபசுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று மறுபடி ஒரு பிடி வத்தல். மறுபடி பச்சை, மறுபடி தும்மல். திருவிழா முடியும்வரை கொட்டகை நிறைந்தது.

மருதப்பன் பையன்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "இருக்கணுமா போகணுமான்னு ஒருத்தி கேட்டிருக்கா. பதிலு தெரியாம நான் தறி இறக்க மாட்டேன். தெரிஞ்ச அன்னைக்குப் பேசுவோம்." பிறகு அக்காவிடம்: "வருசா வருசம் தபசுக்கு இதே படத்தப் போடுங்க மதினி."

ஆக, அந்தச் சொல் கேட்காதவரை கொட்டகை இருக்கும், கேட்டுவிட்டால் போகும். அக்காவின் பிழைப்பு முழுக்க ஒரு தும்மலில் தொங்குகிறது.

(ஆளில்லாத கொட்டகையில் கடைசி ரீலை மட்டும் ஓட்டிக் கேட்டுவிடலாமே என்பீர்கள். யாகூப்பும் கேட்டான். "தனியாப் பாத்தா அது படமாலே?" என்று மருதப்பன் எரிந்து விழுந்தாராம். இந்த எரிச்சலைக் கொஞ்சம் கவனியுங்கள். நான் அப்போது கவனிக்கவில்லை.)

6

கார்டு மேல் கார்டு போட்டு ஆசிரியர் முடிவு கேட்கிறார். எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மெஷின் 'இருக்கிறேன்' என்றது. சனங்கள் ஆனந்தக் கண்ணீர்—

வத்தல் கண்ணீரை ஆனந்தக் கண்ணீர் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: 'போகிறேன்' என்றது. மருதப்பன் எழுந்து—

வேண்டாம். அக்கா என்னைத் தெருவில் கண்டால் காதைப் பிடிப்பாள்.

முடிவு மூன்று: கரண்டு போய்விட்டது. எங்கள் ஊருக்கு இதுதான் பொருந்தும். ஆனால் அது கதையை ஏமாற்றுவது.

7

உண்மையைச் சொல்கிறேன். போன ஆடியில் அந்தச் சொல்லை நான் கேட்டேன். யாகூப்பைத் தாஜா பண்ணி, கடைசி ரீல் ஓடும்போது திரைக்குப் பின்னால், ஸ்பீக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். தெளிவாகக் கேட்டது. சின்னச் சொல்.

வெளியே வந்தபோது அக்கா வாசலில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"அங்கன பின்னால போய் உக்காந்தீயளாமே. கேட்டுட்டீயளா?"

நான் வாயைத் திறந்தேன்.

"சொல்லிராதீங்க! எனக்கும் ஆசைதான். ஆனா எனக்குத் தெரிஞ்சா என் மூஞ்சி சொல்லிரும். எங்க கொழுந்தன் என் மூஞ்சியப் பாத்தே கண்டுபுடிச்சிருவாரு. ஒவ்வொரு ஆடிக்கும் வயித்துல நெருப்பக் கெட்டிக்கிட்டு இருக்கேன்."

"எங்க, அக்கா, கேக்க? ஒரே தும்மலு," என்றேன்.

அவள் விட்ட மூச்சை என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் அந்தச் சொல்லை இங்கே எழுதப்போவதில்லை. ஆசிரியர் கதையைத் திருப்பி அனுப்பினாலும் சரி.

ஆனால் நான் இன்னொன்றையும் பார்த்தேன். அக்காவிடம்கூடச் சொல்லாதது. திரை ஓரத்தில் ஒரு கிழிசல். அதன் வழியாக எனக்கு முன்வரிசை முகங்கள் தெரிந்தன. சிவப்பு வெளிச்சத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். மருதப்பன் மட்டும் துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டினார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி வத்தலை எடுத்தார். கையிலேயே கசக்கினார். விளக்கு இன்னும் பச்சையாகவில்லை. அதற்குள் ஃபேனைக் குறிபார்த்து வீசிவிட்டு, "அம்மா, தாயே!" என்று முதல் சத்தம் கொடுத்தது அவர்தான். கூட்டம் அவருக்குப் பின்னால்தான் எழுந்தது.

பதில் கேட்டால்தான் தறி என்று சொன்ன மனுஷன், பதில் யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் கட்டிய கொட்டகை, வேண்டாம்டா என்று பையன்களிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வத்தலாகத்தான் வருகிறது. எனக்குத் திரைக்குப் பின்னால் அழுகையே வந்துவிட்டது, தும்மலோடு சேர்ந்து.

இதை அச்சில் போடுவதா? பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்குகிற பத்திரிகை எதையும் விடாமல் வாசிக்கிறவர் மருதப்பன். பையன்களும் வாசிப்பார்கள். கையும் களவுமாகப் பிடிபட்ட வெட்கத்தில் அவர் மறுநாளே தறியை இறக்கிவிடலாம். அல்லது, "ஆமாலே, நாந்தான் வீசுனேன், இப்ப என்னலே?" என்று ஒரு வழியாக வாய்விட்டே சொல்லிவிடலாம். போடாமல் விட்டால் அக்கா ஒவ்வொரு ஆடிக்கும் பயந்து சாக வேண்டும், இவரும் ஒவ்வொரு ஆடிக்கும் வத்தல் கசக்க வேண்டும். இரண்டு நாளாக உட்கார்ந்து யோசிக்கிறேன்.

நீங்கள் இந்த வரியை வாசிக்கிறீர்கள் என்றால் நான் அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் கதையின் முடிவு. அது என்னிடம் இல்லை. ஆடித் தபசுக்கு வாருங்கள். ரத வீதியில் யாரைக் கேட்டாலும் செண்பகா டாக்கீஸுக்கு வழி சொல்வார்கள். வாசலில் நின்று கதவில் காதை வையுங்கள். உள்ளே கேட்பது தறிச் சத்தமா, தும்மலா என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். நானே போய்க் கேட்டுவிடலாம், நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. தைரியம் வரவில்லை.