மூன்றா, எட்டா

மச்சினன் சுதர்சன் அமெரிக்காவுக்கு மூட்டை கட்டியபோது, தன்னுடைய ஜென் காரைக் கண்டவர்களுக்கு விற்க மனசில்லாமல் அக்கா வீட்டுக்காரர் சாம்பசிவத்தின் தலையில் கட்டினான். 2004-ஆம் வருஷம். ஹைதராபாத்தில் பையன்களெல்லாம் முதல் சம்பளத்திலேயே கார் புக் பண்ணிக்கொண்டிருந்த காலம். சாம்பசிவம் அதுவரைக்கும் ஸ்கூட்டரோடு நிறுத்திக்கொண்டவர். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு வாசலில் கார் வந்து நின்ற அன்றைக்கே, தமிழ்நாட்டு நம்பரை ஆந்திரா நம்பராக மாற்றாமல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்று மனைவி ரமணியிடம் சொல்லிவிட்டார்.

"பாதிப் பேர் வெளியூர் நம்பரோடதான் ஓட்டறாங்க," என்றாள் ரமணி.

"ஓட்டட்டும்."

அவர் அப்படித்தான். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக, வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடுகிற வேலை. பெட்டியில் இருக்கிற நம்பரும் சான்றிதழில் இருக்கிற நம்பரும் ஓர் எழுத்து மாறினாலும் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரு தடவை சப்ளையர் ஒருவர் மேஜைக்கு எதிரே நின்று, "சாமான் நல்லாத்தானே சார் இருக்கு?" என்று கெஞ்சினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பேப்பர்ல இருக்கிற சாமான் இது இல்ல," என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைப் பிரித்தார் சாம்பசிவம்.

கார் விஷயத்தில் புரோக்கர் வேண்டாம் என்று தானே இறங்கினார். தமிழ்நாட்டிலிருந்து தடையில்லாச் சான்று, போலீஸ் சான்று, தன் பெயருக்கு மாற்றிய இன்ஷூரன்ஸ் பாலிசி, விலாசத்துக்கு டெலிபோன் பில் எல்லாம் ஃபைலில் ஏறிவிட்டன. பாக்கி பென்சில் பிரிண்ட் ஒன்றுதான். பானெட்டைத் திறந்து, சேஸிஸில் குழித்திருக்கும் நம்பர் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால், கறுப்புக்கு நடுவில் எண்கள் வெள்ளையாகத் தெரியும். அதை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள்.

சாம்பசிவம் தானே தேய்த்து, தானே ஒப்பிட்டார். கடைசி எண் காரில் மூன்று. ஆர்.சி.யில் எட்டு.

துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தார். மூன்றுதான். முதன்முதலில் பதிவு செய்த இடத்தில் யாரோ எட்டு என்று எழுதிவிட்டிருக்கிறார்கள். சுதர்சன் ஆறு வருஷமும் அந்த எட்டுக்கே இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறான். புதுப் பாலிசியும் எட்டைப் பார்த்துத்தான் எழுதப்பட்டிருந்தது.

உள்ளதைச் சொன்னால் திருத்திக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர் நம்பினார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகக் கவுண்டரில் உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தெலுங்கில் சொன்னாள்: "வண்டி நல்ல வண்டிதான் சார். ஆனா இந்தப் பேப்பர்ல இருக்கிற வண்டி இது இல்லையே."

அந்த வார்த்தையை எங்கோ கேட்ட மாதிரி இருந்தது சாம்பசிவத்துக்கு. எங்கே என்று பிடிபடவில்லை.

தமிழ்நாட்டுக்குப் போய்த் திருத்தி வாங்கி வரச் சொன்னாள். மூன்று நாள் லீவு போட்டு ரயிலேறினார். அங்கே இருந்த குமாஸ்தா ஃபைலை முழுசாகப் புரட்டக்கூட இல்லை.

"தடையில்லாச் சான்று கொடுத்து அனுப்பியாச்சுங்க. இனி அது ஆந்திரா வண்டி. நாங்க கை வைக்க முடியாது."

"அவங்க இன்னும் தமிழ்நாட்டு வண்டின்னு சொல்றாங்க."

"அது அவங்க அபிப்பிராயம்."

திரும்பி வந்தவர் இரண்டு மாசம் காரைத் துணி போட்டு மூடி வைத்தார். ரமணி தினமும் காய்கறிப் பையோடு அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாள், அவ்வளவுதான். ஏன் என்று அவள் கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

கடைசியில், ஆர்.டி.ஓ. ஆபீஸ் காம்பவுண்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த புரோக்கர் யாதகிரியிடம் போய் நின்றார். யாதகிரி ஃபைலைப் பார்த்துவிட்டு, "இத்தனை சுத்தமா ஃபைல் கொண்டு வந்தா சந்தேகம்தான் சார் வரும்," என்றான். அப்புறம் பென்சில் பிரிண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். சட்டைப் பையிலிருந்து சின்ன ரப்பர் ஒன்றை எடுத்து, அதன் முனையால் மூன்றின் இடது பக்கம் மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை ஒற்றினான். கறுப்பு விலகி, அழகான எட்டாக ஆகிவிட்டது.

"இது தப்பு இல்லையா?" என்றார் சாம்பசிவம்.

"டென்ஷன் நக்கோ சார், வேண்டவே வேண்டாம். வண்டி உங்களோடதுதானே? நான் என்ன திருட்டு வண்டியையா மாத்தறேன்? நாளைக்கு வேற கவுண்டர்ல கொடுக்கலாம்."

அவர் தடுக்கவில்லை. அதைவிட மோசம், மேல் வளைவு கொஞ்சம் தட்டையாக இருக்கிறதே என்று சுட்டிக்காட்டினார். யாதகிரி இன்னொரு தடவை ஒற்றினான்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வண்டியின் நிறத்தைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். சாம்பசிவத்துக்குத்தான் வாரக்கணக்கில் தூக்கம் பிடிக்கவில்லை. தபால்காரர் வரும் நேரமெல்லாம் போலீஸே வருகிற மாதிரி இருந்தது.

கடைசியில் தபாலில் ஆர்.சி. கார்டு வந்தது. ஆந்திரா நம்பர், அவர் பெயர், சரியான விலாசம். சேஸிஸ் நம்பரை லென்ஸ் வைத்துப் படித்தார். கடைசி எண் மூன்று. கம்ப்யூட்டரில் ஏற்றியவர்கள் எட்டை மூன்றாக அடித்துவிட்டிருக்கிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தனியாகச் சிரித்து ரமணி பார்த்ததில்லை. பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

இப்போது பாலிசியில் மட்டும் எட்டு. இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கு ரமணியையும் கூட்டிக்கொண்டு அந்தக் காரிலேயே போனார். தாரிணி என்று பெயர்ப்பலகை வைத்திருந்த பெண் கார்டை வாங்கி, திருத்த விண்ணப்பம் ஒன்றை நீட்டினாள். அதில் 'பிழைக்குக் காரணம்' என்று ஒரு கட்டம். சாம்பசிவம் பேனாவைத் திறந்து, மூடி, திறந்தார்.

"தட்டச்சுப் பிழைன்னு போடுங்க சார். எல்லாரும் அதான் போடுவாங்க."

போட்டார். ஐந்து நிமிஷத்தில் சீல் விழுந்தது.

"வண்டி கீழதான் நிக்குது," என்றார். "நம்பரை நீங்க ஒரு தடவை நேர்ல பார்த்துக்கிட்டா..."

"எதுக்கு சார்? அதான் கார்டுல இருக்கே," என்றாள் தாரிணி, அடுத்த ஆளைக் கூப்பிட்டபடி.

கீழே வந்து காரில் ஏறினார். "முடிஞ்சுதா?" என்று கேட்டாள் உள்ளே காத்திருந்த ரமணி. முடிந்தது என்று தலையாட்டினார். ஆனால் வீடு வரும்வரை முகம் கடுகடுவென்றே இருந்தது. இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. ஒருத்தராவது பானெட்டைத் திறந்து பார்த்திருக்கலாம்.