சாலம்மாள் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கும் இடம்

1

சிகரெட்டை நிறுத்துவதற்காக ஹிப்னாடிச வைத்தியர் ஒருவரிடம் போனேன். கண்ணை மூடச் சொன்னார், மூடினேன். தூக்கம் வரவில்லை, இந்தக் கதை வந்தது. சிகரெட்டும் நின்றபாடில்லை.

2

1936. சேலத்தில் மெஸ்மெரிச வைத்தியம் பார்க்கிறவர் நிஜாமுதீன். வெண்ணந்தூர் மாரக்காள் தன் மருமகள் சாலம்மாளை மாட்டுவண்டியில் அவரிடம் கூட்டி வந்திருக்கிறாள். மாரக்காளின் மகன் பள்ளிபாளையத்தில் பரிசல் கவிழ்ந்து ஆற்றோடு போனான். உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து சாலம்மாளுக்குத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை.

"பெத்த பையனைப் பறிகுடுத்துட்டனுங்க. இவளையாச்சும் காப்பாத்திக் குடுங்க சாமி."

சாலம்மாள் வைத்தியரின் கண்களையே உற்றுப் பார்த்தபடி மெல்ல...

அட, என்ன எழுத்து இது! அந்தக் காலத்து வெண்ணந்தூர்ப் பெண் அயல் ஆணின் கண்ணைப் பார்ப்பாளா? விளக்குச் சுடரைப் பார்க்கட்டும்.

3

பார்த்தாள். இமை மூடியது. துக்கம்தான் தொண்டையை அடைக்கிறது என்று நிஜாமுதீன் நினைத்திருந்தார். (நானும்தான்.)

"ஏம்மா சாப்பிட மாட்டேங்கறீங்க?"

"அவிய இன்னும் ஊட்டுக்கு வரலீங்க. அவிய சாப்பிடாம நான் எப்படிங்க வாயில வெக்கறது?"

மாரக்காள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷன் சாப்பிட்ட பிறகுதான் நீ சாப்பிட வேண்டும் என்று மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

சாலம்மாளின் முகம் வைத்தியரின் குரல் வந்த பக்கம் திரும்பி மலர்ந்தது.

"ஏனுங்க, வந்துட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

4

முடிவு ஒன்று: "சாப்பிட்டேன்" என்கிறார், அவளும் சாப்பிடுகிறாள். சரிப்படாது. நோன்பு மாதம். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மனிதருக்கு அந்தப் பொய் எப்படி வாயில் வரும்?

முடிவு இரண்டு: "உங்க வீட்டுக்காரர் இனி..." இதை என்னால் எழுத முடியவில்லை. உண்மைதான், ஆனால் அந்த உடம்பு தாங்காது.

மூன்றாவதை நான் எழுதவில்லை, அவரே செய்தார். மாரக்காளிடம் கையை நீட்டினார். மருமகளுக்காக அவள் தூக்குப்போசியில் கொண்டுவந்திருந்த கம்பஞ்சோற்றில் ஒரு கவளத்தைத் தயங்கித் தயங்கி வைத்தாள்.

"ஐயோ, நோம்புங்களே சாயபு!"

"இன்னொரு நாள் புடிச்சுக்கலாம்மா."

மென்று விழுங்கினார். பிறகு சாலம்மாளிடம் சொன்னார்: "சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு."

(பாதிப் பொய் இன்னும் மிச்சமிருக்கிறது. தெரியும். அதற்குத்தான் அடுத்த பகுதி.)

5

சாலம்மாள் வாயைத் திறந்துவிட்டாள். மாரக்காள் அழுதுகொண்டே ஊட்டுகிறாள். எனக்கும் அழுகை வருகிறது, மறைப்பானேன்.

சற்று நேரத்தில் அவள் கண்ணைத் திறப்பாள். "அவிய எங்கீங்க?" என்று கேட்பாள். பதில் சொல்ல மாரக்காளுக்கு வாய் வராது, வைத்தியருக்கும் வராது, எனக்கும் வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அவள் சாப்பிட்டு முடிக்கட்டும்.