சுகமில்லாத பிள்ளை

மூசாவின் மகள் சைனம்புவுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து அவள் கால் தரையில் ஊன்றியதில்லை. வலது கை மடங்கியே இருக்கும். சோற்றை மென்று விழுங்க வராது, புரையேறிவிடும். கஞ்சியும் பாலும்தான் ஆகாரம். புத்தி மட்டும் நல்ல கூர்மை. பேச்சு ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்து வரும். பழகிய காதுக்குத்தான் புரியும்.

தென்காசியில் அவர்கள் தெருவில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் 'சுகமில்லாத பிள்ளை' என்பார்கள். மூசாவும் அவன் மனைவி ஆசியாவும் அப்படித்தான் சொல்வார்கள். வேறு சொல் அந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஒரு பெருநாளன்று விருந்துக்கு வந்த மூசாவின் மச்சான் வாய் தவறி வேறொன்றைச் சொல்லிவிட, ஆசியா அவர் முன்னால் வைத்த தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மச்சான் பசியோடுதான் கடையநல்லூருக்கு பஸ் ஏறினார்.

அந்த நல்ல சொல்லால்தான் பால்பவுடர் நின்றுபோனது.

நான்கு வருடமாகப் பால் நிலையத்தில் மாதம் இரண்டு டின் கொடுத்து வந்தார்கள். கப்பலில் வருகிற பவுடர். வீட்டில் பிள்ளை இருக்கிறது என்று சொல்லிப் பெயரைக் கொடுத்தால் போதும். அறுபத்தொன்றாம் வருடம் ஆனி மாதம் புது உத்தரவு வந்தது. டின்கள் பிள்ளைக்குப் போகாமல் டீக்கடைக்குப் போகின்றனவாம். இனிமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பள்ளியிலேயே பால் குடிக்க வேண்டும். நோயாளிப் பிள்ளைகள் டாக்டர் சீட்டோடு ஆஸ்பத்திரியில் குடிக்க வேண்டும். அங்கஹீனப் பிள்ளைகளுக்கு மட்டும் வழக்கம்போல் வீட்டுக்கு டின். இப்படி மூன்று பட்டியல்.

பட்டியல் எழுதிய நாளில் மூசா வரிசையில் நின்றான். வீட்டுத் தறியில் நெய்த துண்டுகளைச் சீசன் காலத்தில் ஐந்தருவிக்குக் கொண்டுபோய்க் குளிக்க வருகிறவர்களிடம் விற்பது அவன் வழக்கம். அன்றைக்கும் தோளில் துண்டு மூட்டையோடு, பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று நின்றுகொண்டிருந்தான். நிலையத்துக் குமாஸ்தா மந்திரமூர்த்தி தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பிள்ளை அங்கஹீனமா?"

மூசாவின் காதில் 'ஹீனம்' என்ற இழிசொல் மட்டும்தான் விழுந்தது. பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள்.

"எம் புள்ளைக்கு என்ன ஹீனம்? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. சுகமில்லாத பிள்ளை, அம்புட்டுதான்."

"சுகமில்லையா? சரி" என்று மந்திரமூர்த்தி எழுதிக்கொண்டார். மூசா பஸ்ஸுக்கு ஓடினான்.

அடுத்த மாதம் முதல் தேதி போனபோதுதான் சங்கதி தெரிந்தது. சைனம்புவின் பெயர் நோயாளிப் பட்டியலில் இருந்தது. "ஆஸ்பத்திரியில போய்க் கேளும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மகளைத் துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வாடகை சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குப் போனான் மூசா. டாக்டர் பார்த்துச் சொன்னதை ஞானபாக்கியம் நர்ஸ் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

"காய்ச்சல் இல்ல, சளி இல்ல, நெஞ்சு சுத்தமா இருக்கு. உங்க மகளுக்கு நோய் ஒண்ணுமே கிடையாது பாய். இங்கன பால் குடுக்க முடியாது. இத அங்கன கொண்டு காட்டுங்க."

'நோய் எதுவும் இல்லை.' மூசா அந்தச் சீட்டை வராந்தாவில் நின்று இரண்டு முறை படித்தான். இப்படி ஒரு காகிதம் கைக்கு வராதா என்று எத்தனை டாக்டரிடம், எத்தனை தர்காவில் நின்றிருக்கிறான். வந்த நேரத்தில் அது மகளின் வயிற்றில் அடித்தது.

நிலையத்தில் அந்தக் கேள்வி மறுபடி வருமே என்று சீட்டைக் கொண்டுபோகாமல் நாளைக் கடத்தினான். வீட்டில் கடைசி டின்னின் அடி தெரிந்துவிட்டது. ஆசியா மூன்று கரண்டி போட்ட இடத்தில் ஒரு கரண்டி போட்டாள். பால் வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான். பத்து நாளில் சைனம்புவின் தோள் எலும்பு சட்டைக்கு மேலே துருத்தியது. வெள்ளிக்கிழமை பட்டியல் திருநெல்வேலிக்குப் போகிறது, போய்விட்டால் ஆறு மாதத்துக்குப் பெயரை மாற்ற வழியில்லை என்று யாரோ சொன்னார்கள்.

புதன்கிழமை காலை, சாரலில் நனைந்துகொண்டே மூசா மகளோடு பால் நிலையத்துக்குப் போனான். அவளை விசுப்பலகையில் சாய்த்து உட்கார வைத்து, நர்ஸ் கொடுத்த சீட்டை நீட்டினான்.

மந்திரமூர்த்தி சீட்டையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னவே பாய், அன்னைக்கே கேட்டம்லா? அங்கஹீனமான்னு வாய் திறந்து கேட்டேன். இல்லைன்னு சத்தம் போட்டீரு."

"ஹீனம்னியளே அண்ணாச்சி. பெத்தவன் எப்படி ஆமாங்கது?"

"நானா அந்தச் சொல்ல உண்டாக்குனேன்? மெட்ராஸ்ல அச்சடிச்சு வருது." ஒரு காகிதத்தைத் தள்ளினார். "உம்ம கைப்பட ஒரு மனு எழுதும். எம் மகளுக்கு இன்னது இன்னதுன்னு. நான் பட்டியல மாத்துதேன்."

மூசா எட்டாவது வரை படித்தவன். குனிந்து உட்கார்ந்து பொறுமையாக எழுதினான். கால் நிற்காது. வலது கை விரியாது. கெட்டியானதை விழுங்க முடியாது. பேச்சு மெதுவாக வரும். கொஞ்சம் யோசித்து இன்னொரு வரியும் சேர்த்தான்: வாய்ப்பாடு பதினாறு வரை தெரியும்.

மந்திரமூர்த்தி படித்துப் பார்த்தார். "எல்லாம் சரி. வாய்ப்பாடு எதுக்கு வே? அது கெடக்கட்டும். அந்தச் சொல்லு எங்க?"

"அதான் எல்லாத்தையும் எழுதியிருக்கேனே."

"இத வாசிக்க அங்க ஒருத்தனுக்கும் நேரம் கிடையாது. அந்தச் சொல்லு இருக்கா, டின் உண்டு. இல்லையா, இல்லை. அவ்வளவுதான் கணக்கு."

மூசா பேனாவைப் பிடித்தபடி இருந்தான். மை நிப்பில் காய்ந்தது. மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அப்படியும் கை ஓடவில்லை.

"வாப்பா" என்றாள் சைனம்பு பின்னாலிருந்து. "அது என்ன சொல்லு?"

மந்திரமூர்த்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் பேச்சு அவருக்குப் பாதிதான் புரிந்தது, கேள்வி மட்டும் புரிந்துவிட்டது.

"அது வந்து தாயி... அங்கஹீனர்னு ஒரு சொல்லு. கைகால் விளங்காத ஆளுகளுக்கு அரசாங்கத்துல சொல்லுதது."

"அங்... க... ஹீ... னர்." அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. எழுது வாப்பா."

"நல்லா இருக்கா?"

"தெருவுல பையன்மாரு என்னய நொண்டிச்சின்னு சொல்லுதானுவ. அதுக்கு இது எவ்வளவோ தேவல."

மூசா சட்டென்று திரும்பினான். "எவன்? எவன் சொன்னான்?"

"எல்லாரும்தான். காஜா மட்டும் பாதி நாள் சொல்ல மாட்டான். அவனுக்கு வீட்டுக்கணக்கு நான்தான சொல்லிக் குடுக்கேன்."

"மிச்ச நாளு?"

"மிச்ச நாளு சொல்லுவான்."

ஒன்பது வருடமாக அந்த வீட்டுக்குள் வராமல் காத்த சொல் ஜன்னல் வழியாகத் தினமும் வந்து போயிருக்கிறது. அவளும் தாய் தகப்பனுக்குத் தெரியாமல் அதை மறைத்து வந்திருக்கிறாள்.

நிப்பை மையில் தோய்த்து எழுதினான். 'ஹீ' அவனுக்குச் சரியாக வரவில்லை; மந்திரமூர்த்தி மேலே திருத்திப் போட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். முதல் தேதி வரிசையில நிக்கும்போது இந்தச் சொல்லயும் சேத்தா கூப்பிடுவிய?"

"பட்டியல்ல உள்ளபடிதான் வாசிக்கணும் பாய்." ரிஜிஸ்தரை மூடிக்கொண்டே, "தலைப்ப ஆரம்பத்துல ஒரு தடவ வாசிச்சிருவேன். நீரு கொஞ்சம் பிந்தி வாரும். அப்புறம் வெறும் பேருதான்" என்றார்.

எழுந்துபோய் அந்த மாதத்து டின் இரண்டையும் எடுத்து வந்து பலகையில் வைத்தார். மூசா ஒன்றைப் பையில் போட்டான். இன்னொன்றை நான்தான் பிடித்துக்கொள்வேன் என்று சைனம்பு வாங்கி மடியில் இடுக்கிக்கொண்டாள்.

வீட்டில் ஆசியா டின்னைப் பார்த்ததும் வேறெதையும் பார்க்கவில்லை. மூன்று கரண்டி போட்டு, கட்டியில்லாமல் கலக்கி, ஆற்றி, மகளை மடியில் சாய்த்துக்கொண்டு புகட்டினாள். முதல் டம்ளர் முடிந்த பிறகுதான் கேட்டாள்.

"என்ன எழுதிக் குடுத்திய?"

மூசா தறியைத் துடைக்கிறவன்போல அந்தப் பக்கம் போனான்.

"அங்கஹீனர்னு" என்றாள் சைனம்பு, இந்தத் தடவை தடங்கலில்லாமல்.

ஆசியா டம்ளரைக் கீழே வைத்தாள். மூசாவின் முதுகைப் பார்த்து, "அது அவுக காயிதத்துலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது டம்ளருக்குக் கரண்டியை எடுத்தாள். அதோடு இரண்டு நாள் மூசாவிடம் பேசவில்லை.

தெருப் பையன்களின் சொல்லைப் பற்றி மூசா ஆசியாவிடம் மூச்சுவிடவில்லை. சைனம்புவும் சொல்லவில்லை.