மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

பழைய ஜப்பான் வண்டிக்குப் பார்ட்ஸ் தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம். மாப்பிள்ளையாவது கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பேசி முடித்துவிடலாம். ஐம்பது வருஷத்து டாட்சன் காரின் முன்விளக்கு வளையம் அரை நூல் கூடினாலும் உட்காராது. சேரப்பணஞ்சேரியில் தகரக் கொட்டகை போட்டு இந்த வேலையே கதியென்று கிடந்த கொம்பையா, ஒரு வளையத்துக்காக எட்டு மாதம் காத்திருந்ததெல்லாம் உண்டு. அதனால்தான், படப்பை டாக்டர் ஹேமந்தின் டாட்சனுக்கு வேண்டியதெல்லாம் கேட்ட வாரமே வந்து இறங்கியபோது அவனுக்குச் சந்தோஷத்துக்குப் பதில் சந்தேகம் வந்தது.

பழைய வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவன் ஒரு பட்டியல் போட்டான். மூன்றாம் நாள் கோயம்புத்தூரிலிருந்து பக்கக் கண்ணாடி வந்தது. ஐந்தாம் நாள் பெங்களூரிலிருந்து டேஷ்போர்டு கடிகாரம் வந்தது. அடுத்த திங்கட்கிழமை புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் விற்கும் டில்லிபாபு டிரைவர் சீட்டையும் கதவுக் கண்ணாடியையும் பார்சல் லாரியில் ஏற்றிவிட்டான். எல்லாம் மாட்டிய மாத்திரத்தில் பொருந்தின. ராவ வேண்டியதில்லை, தட்ட வேண்டியதில்லை. இப்படி நடக்காது. இந்தத் தொழிலில் பத்து வருஷம் கைநகம் தேய்ந்தவனுக்கு அது தெரியும்.

கதவுக் கண்ணாடியைத் துடைக்கும்போது விஷயம் விளங்கியது. திருட்டுக்குப் பயந்து நம் ஊரில் வண்டி நம்பரைக் கண்ணாடியின் மூலையில் அரித்து எழுதி வைப்பார்கள் அல்லவா, அந்த நம்பர் அழுக்குக்கு அடியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. அது ரகுவின் நம்பர். கொம்பையா துணியைக் கீழே போட்டுவிட்டுப் போய்ச் சீட்டைப் பார்த்தான். அது அடியிலிருக்கும் தடத்தின் கடைசிப் பல்வரைக்கும் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. ரகு ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம்.

ரகு அவனுடைய சிநேகிதன். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் இருவரும் வண்டி பூட்டும் ஒரே லைனில் எதிரெதிரே நின்று எட்டு வருஷம் வேலை பார்த்தவர்கள். கொம்பையா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கியவன். ரகு ஸ்ரீபெரும்புதூரிலேயே பிறந்தவன். நாளெல்லாம் புது வண்டிக்கு நட்டு முறுக்கிவிட்டு, வீக் ஆஃப் அன்று பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுவது இருவருக்கும் பொதுவான பைத்தியம். குன்றத்தூரில் ஒரு வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் துருப்பிடித்துக் கிடந்த வெள்ளை டாட்சனை ரகு வாங்கினான். மூன்று வருஷம் இருவரும் சேர்ந்து அதை எழுப்பி நிறுத்தினார்கள். ஜப்பானிலிருந்து வந்திருந்த மேனேஜர் ஒருவர் அதைக் கம்பெனி வாசலில் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் குனிந்து நின்றாராம். ரகு அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் யாரையும் தூங்கவிடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வண்டி சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் நேராக லாரிக்கு அடியில் போய்ச் சொருகியது. வளைவில்லாத சாலை. பட்டப்பகல். சாலை காய்ந்து கிடந்தது. பின்சீட்டில் யாரோ எப்போதோ விட்டுப்போன காலி பாட்டில் ஒன்று கிடந்தது. ஊருக்கு அது போதாதா? குடித்துவிட்டு ஓட்டிச் செத்தான் என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். கம்பெனி பஸ்ஸில் அதையே பேசினார்கள். அதே பஸ்ஸில் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவன் மனைவி சத்யப்பிரியாவின் காதில் விழும்படியே பேசினார்கள். அவர் தொட்டதே இல்லை என்று அவள் சொன்னதற்கு, பெண்டாட்டி வேறெப்படிச் சொல்வாள் என்று சிரித்தார்கள்.

கொம்பையா மட்டும் எதுவும் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் இருந்தது.

லைனில் ஒரு வண்டிக்கு ஓர் ஆளுக்குக் கிடைப்பது முழுசாய் ஒரு நிமிஷம்கூட இல்லை. நட்டை முறுக்கி முடித்ததும் அதன்மேல் மஞ்சள் பேனாவால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது. சூப்பர்வைசர் பொட்டைத்தான் பார்ப்பார், நட்டைத் தொட்டுப் பார்க்க மாட்டார். கை பழகியவர்கள் பொட்டுகளை எல்லாம் முதலில் வரிசையாக வைத்துவிட்டு அப்புறம் முறுக்குவார்கள். பேனாவை எடுப்பதும் வைப்பதும் ஒரே தரத்தில் முடிந்தால் மூன்று வினாடி மிச்சம். கொம்பையா இதில் மன்னன். லைனில் அது தவறே ஆனதில்லை, ஏனென்றால் அங்கே யாரும் நடுவில் எழுந்து போக முடியாது. கொட்டகையில் மூன்று வினாடியை மிச்சம் பிடித்து அவன் எந்தக் கோட்டையைக் கட்டப்போகிறான்? ஆனால் பழகிய கை கேட்கவா செய்யும்?

அந்த ஞாயிறு காலையில் ரகுவின் வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்டியரிங்குக்குத் தக்கபடி முன்சக்கரத்தை இழுக்கும் டை ராடு கம்பியைக் கொம்பையா மாட்டிக்கொண்டிருந்தான். அதன் நட்டு கழன்றுவிடாமல் இருக்க, குறுக்கே ஒரு காட்டர் பின்னைச் செருகி இரண்டு காலையும் மடித்துவிட வேண்டும். கொண்டை ஊசி அளவுப் பின். உயிர் அதில்தான் தொங்குகிறது. வழக்கம்போல முதலில் பொட்டை வைத்தான். அப்போது போன் அடித்தது. டில்லிபாபு. நாலு மாதமாகத் தேடிய முன்கிரில் கிடைத்துவிட்டது என்றான். கொம்பையா துள்ளி எழுந்து வெளியே போய் அரைமணி நேரம் பேசினான். திரும்பி வந்து குனிந்து பார்த்தான். பொட்டு இருந்தது. ஜாக்கியை இறக்கிவிட்டான்.

பின்னைப் போட்டேனா, போடவில்லையா? இரண்டு வருஷமாக இதே கேள்வி. போட்டிருப்பேன் என்று காலையில் தோன்றும், மத்தியானத்துக்குள் அது கரைந்துவிடும். கம்பெனி வேலையை விட்டான். மஞ்சள் பேனாவைத் தூக்கி எறிந்தான். சத்யப்பிரியா வரும் தெருவில் போவதை விட்டான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்குக் குற்றம் உண்டா இல்லையா என்பதே தெரியாமல் குறுகுறுத்தது. அது இன்னும் மோசம்.

டாக்டர் வண்டிக்கு இனி வரவேண்டியது டை ராடு மட்டும்தான். அதை மட்டும் அவன் குழுவில் கேட்கவில்லை. சென்னையில் புதிதாகவே ஒன்று சொல்லி வைத்து வாங்கிவிட்டான். ஆனாலும் வியாழக்கிழமை டில்லிபாபுவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது, நீளமாக, பழைய சாக்கில் சுற்றி. கொம்பையா அதை ஒரு மணி நேரம் பிரிக்காமல் வைத்திருந்தான். பிறகு பிரித்தான்.

வளைந்து போன கம்பி. ஒரு முனையில் நட்டு, பொட்டு, பின் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மறு முனையில் நட்டே இல்லை. பின் போக வேண்டிய துளை துளியும் கீறல் இல்லாமல் சுத்தமாக இருந்தது. பின் போட்டிருந்து அது அறுந்திருந்தால் அதன் துண்டாவது உள்ளே மாட்டியிருக்கும். சாக்கின் அடியில் தனியே ஒரு காகிதப் பொட்டலம் கிடந்தது. அதற்குள் அந்த நட்டு, மஞ்சள் பொட்டோடு. விரலை வைத்தான், பொட்டு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பெயின்ட் காயவில்லை.

சாலையில் எங்கோ கழன்று விழுந்து, இரண்டு வருஷம் மழையும் லாரியும் ஏறிப்போயிருக்க வேண்டிய நட்டு அது. டில்லிபாபுவைக் கூப்பிட்டுக் கேட்டான்.

“நட்டா? நா எந்த நட்டும் வெக்கல நைனா. லிஸ்ட்ல டை ராடும் போட்டிருந்த, கம்பிய மட்டும் சுத்தி அனுப்ச்சேன்,” என்றான் அவன்.

கொம்பையா பட்டியலை எடுத்துப் பார்த்தான். கடைசி வரியில் டை ராடு என்று இருந்தது. அவன் எழுதவில்லை. அதைச் சத்தியம் செய்து சொல்வான், ஆனால் யாரிடம் சொல்வது?

வெள்ளிக்கிழமை புதுக் கம்பியை டாக்டர் வண்டியில் மாட்டினான். நட்டை முறுக்கி, பின்னைச் செருகி, கால்களை மடித்து, மடித்ததைப் போனில் படமும் எடுத்துக்கொண்டான். பொட்டு வைக்கவில்லை. வைக்கப் பேனாவே இல்லை. சனிக்கிழமை காலையில் பூட்டைத் திறந்து உள்ளே போனால், டிரைவர் சீட்டின் நடுவில் அந்தப் பின் கிடந்தது. மடித்த தடமே இல்லாமல் கடையில் வாங்கியது போல நேராக இருந்தது. கீழே குனிந்து பார்த்தான். நட்டின்மேல் மஞ்சள் பொட்டு இருந்தது.

பொட்டைத் தின்னர் போட்டு அழித்தான். வேறு பின் போட்டான். பூட்டை மாற்றினான். ஞாயிற்றுக்கிழமை சீட்டில் இரண்டாவது பின் கிடந்தது. திங்கட்கிழமை மூன்றாவது. பொட்டு ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அவன் கை வைக்கிற மாதிரியே கொஞ்சம் இடதுபுறமாக. படத்தை எடுத்துப் பார்த்தால் அதில் பின் ஒழுங்காகத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் மனைவி இசக்கிசெல்வி சாப்பாடு கொண்டுவந்தாள். ஒரு வாரமாகப் புருஷன் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோவதைப் பார்த்து, வண்டிக்கு ஏதோ தோஷம் என்று எலுமிச்சம்பழமும் சூடமும் சேர்த்தே எடுத்து வந்திருந்தாள். கொம்பையா நாலாவது பின்னை மடித்துவிட்டு, கை கழுவப் பத்தடி தள்ளியிருந்த குழாய்க்குப் போனான். வெயில் கொட்டகைக்குள் முழங்கால்வரை வந்து நின்றது. அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று பழத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் திரும்பி வருவதற்குள் அவள் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது.

“சீட்டு அமுங்குது,” என்றாள்.

ஆமாம், சீட்டு அமுங்கித்தான் இருந்தது, நெடிய ஆள் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலே எழும்பிச் சமமானது. அதன் நடுவில் பின் கிடந்தது.

கொம்பையா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழுதான். இரண்டு வருஷமாகப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாததைப் பொட்டிலிருந்து போன்வரை ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் அதட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. சூடத்தைத் திரும்பவும் காகிதத்தில் மடித்தாள்.

“போட்ட பின்னையே எத்தன தரம் போடுவிய? போடாம விட்டதுக்கு என்ன பதில் சொல்லப் போறிய? அந்தப் பிள்ளைட்ட போயி சொல்லுங்க,” என்றாள்.

மறுநாள் மதியம், இரண்டாம் ஷிப்டு பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் சத்யப்பிரியாவைப் பார்த்தான். நீலச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, மற்றவர்களைவிட்டு எட்டி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வருஷமாகவே அப்படித்தான் எட்டி நிற்கிறாள் என்பது பார்த்ததும் தெரிந்தது. அவன் எப்படியெல்லாமோ ஒத்திகை பார்த்து வந்திருந்தான். வாயைத் திறந்தபோது ஒரே வாக்கியம்தான் வந்தது. பின்னை நான் போடவில்லை என்றான்.

அவள் திடுக்கிடுவாள், அடிப்பாள் என்று நினைத்திருந்தான். அவள் கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியும்ணா,” என்றாள். “அன்னிக்கு வண்டிய ஓரங்கட்டிட்டு எனக்குப் போன் பண்ணாரு. ஸ்டியரிங் லூசா ஆடுது, மெதுவா ஓட்டிக்கினு வந்துடறேன்னாரு. கொம்பையாகிட்ட சொல்லிடாத, மனசு ஒடிஞ்சி போயிடுவான், நாளிக்கு நானே வேற மெக்கானிக்காண்ட இட்டுக்கினு போயி காட்றேன்னாரு. அதான் அவரு என்கிட்ட பேசுன கடைசி பேச்சு. சொல்லாதன்னாரு. நா சொல்லல. நீயா வருவன்னு ரெண்டு வருஷமா பாத்துக்கினு இருந்தேன்.”

கொம்பையாவின் பெயரைக் காப்பாற்றச் சொல்லிவிட்டு ஒருவன் செத்திருக்கிறான். அந்தச் சொல்லைக் காப்பாற்ற, குடிகாரன் பெண்டாட்டி என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே ஒருத்தி தினமும் பஸ் ஏறியிருக்கிறாள். இவன் இரண்டு வருஷமும் தன் நெஞ்சைத்தான் தடவிக்கொண்டிருந்தான். இப்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயத்தைவிட அது கனமாக இருந்தது.

பஸ் வந்தது. அவள் படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

“என்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? ஏறு. இதுல கீறவங்ககிட்ட சொல்லு.”

பழைய ஆள் என்பதால் டிரைவர் தடுக்கவில்லை. கொம்பையா முன்னால் நின்று, எல்லாரையும் பார்த்துச் சொன்னான். முதலில் பாதிப் பேர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ரகு என்ற பெயர் வந்ததும் தூக்கினார்கள். பொட்டை முதலில் வைக்கிற வழக்கம் அவர்கள் எல்லோருக்கும் உண்டு. அதனால் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் குடிக்கவில்லை, நான்தான் பின் போடவில்லை என்று முடித்தான். பஸ் வல்லக்கோட்டையைத் தாண்டியது. சிலர் தங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் உட்கார இடம் தேடினான். பஸ் முழுக்க ஆள். மூன்றாவது வரிசையில் சத்யப்பிரியாவுக்குப் பக்கத்தில் ஜன்னலோர சீட் மட்டும் காலியாக இருந்தது. அங்கே போய் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காரக் குனிந்தான்.

அவள் கையை நீட்டிச் சீட்டை மறித்தாள்.

“இங்க ஆள் இருக்காருண்ணா,” என்றாள், சாதாரணமாக, எந்தப் பஸ்ஸிலும் யாரும் சொல்கிற மாதிரி.

கொம்பையா சீட்டைப் பார்த்தான். அது அமுங்கி இருந்தது. ஒரகடம் வரும்வரை அவன் நின்றுகொண்டே போனான்.