பக்கம் மூன்றில் விரல் நீட்டுபவர்

எங்கள் பத்திரிகை யாரைக் கிண்டல் செய்யவில்லையோ அவர் ஸ்னெட்டில்பியில் குடியிருப்பதாகவே ஊர் ஒப்புக்கொள்ளாது. பாதிரியாரை வாரியிருக்கிறோம், பல் வைத்தியரை வாரியிருக்கிறோம், குளத்து வாத்துகளைத் தனித்தனியாக வாரியிருக்கிறோம். புதிதாகக் குடிவந்த ஒரு டாக்டரம்மா, நாங்கள் அவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை என்று எட்டு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு 'மருத்துவர் குப்பைத்தொட்டியைத் தவறான கிழமையில் வெளியே வைத்தார். தொட்டியின் நிலைமை சீராக உள்ளது' என்று போட்டோம். அன்றைக்கே கேக் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

பத்திரிகையின் பேர் 'ஸ்னெட்டில்பி எக்காளம்'. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை, நாலே பக்கம். ஒரு செய்திகூட உண்மை கிடையாது. ஊரில் உண்மையான பத்திரிகை ஒன்று இருந்தது. அதில் நான் முப்பத்தொரு வருஷம் தலைப்பும் படக்குறிப்பும் எழுதினேன். அதை யாரோ வாங்கி, யாருக்கோ விற்று, கடைசியில் இழுத்து மூடினார்கள். ஒரு வாரம் அழுதேன். அடுத்த வாரம் கோபம் வந்தது. தபால்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிளெம் பாட்டரிலைக் கூப்பிட்டு, "வாப்பா, நாமளே ஒண்ணு ஆரம்பிப்போம், ஆனா ஒரு வார்த்தை நெசம் இருக்கக் கூடாது"ன்னு சொன்னேன். வானிலைப் பகுதியைக் கிளெம் பார்த்துக்கொண்டார். 'செவ்வாய்: சாம்பல் நிறம். புதன்: அதே சாம்பல். வியாழன்: மழை, சாம்பல் நிறத்தில்.' பதினொரு வருஷமாக அவருடைய கணிப்பு ஒருமுறையும் தப்பவில்லை. அந்த ஒரு பகுதியில் மட்டும் எங்கள் கொள்கை அடிவாங்கியது.

ஆனால் ஊர் முதலில் புரட்டுவது மூன்றாம் பக்கத்தைத்தான். அங்கேதான் ஹெட்லி கிராக் இருப்பார்.

இந்த நாட்டு உள்ளூர்ப் பத்திரிகைகளைப் படித்தவர்களுக்கு அந்தப் படம் தெரியும். சாலையில் ஒரு குழி. பக்கத்தில் கடுகடுவென்று ஒரு மனிதர், குழியை நோக்கி விரல் நீட்டிக்கொண்டு. என் வேலைக்காலத்தில் அப்படிப்பட்ட படத்துக்கு ஆயிரம் குறிப்பாவது எழுதியிருப்பேன். 'எக்காள'த்துக்கு அப்படியொரு முகம் வேண்டுமென்று தேடியபோது, குழாய் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஹெட்லி அகப்பட்டார். என்ன முகம் என்கிறீர்கள்! புருவம் இரண்டும் முட்டிக்கொள்ளும், உதடு கோணும், கழுத்து நரம்பு புடைக்கும். முதலில் சேப்பல் வீதிக் குழியைக் காட்டினார். பிறகு ரொட்டிக்கடையின் மெலிந்துபோன சாசேஜ் ரோலை. பிறகு ஒரு மேகத்தை: 'இது போன வாரமே இங்கிருந்தது என்கிறார் உள்ளூர்வாசி.' வருஷத்துக்கு ஒருமுறை சேப்பல் வீதிக் குழிக்குப் பிறந்தநாள் கொண்டாடி, மெழுகுவத்தியோடு கேக்கை வைத்து அதையும் காட்டுவார்.

படம் எடுப்பது அவர் மனைவி டில்லிஸ். வேல்ஸ் பக்கத்துக்காரி, ஐந்தடிகூட இல்லை. குழியும் ஆளும் சேர்ந்து விழவேண்டுமென்று பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து நடுரோட்டுக்குப் போய்விடுவாள். பின்னால் வண்டி வருவது அவளுக்குக் கவலையே இல்லை. எங்கள் ஊரில் ஹாரன் அடிப்பது கெட்ட வார்த்தை சொல்வதற்குச் சமம்; வருஷக்கணக்காக அடிக்காதவர்கள் இருக்கிறார்கள். டில்லிஸுக்காக மட்டும் அடித்தார்கள்.

பிப்ரவரியில் டில்லிஸ் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, மூன்றே நாள்.

அந்த வார இதழுக்கு என்ன செய்வது என்று நானும் கிளெமும் நூலகத்துப் பின்னறையில் எங்கள் மேஜைக்கு இருபுறமும் உட்கார்ந்து டீயை ஆறவிட்டோம்.

"படம் வேணாம், ஃப்ரீடா," என்றார் கிளெம். "மனுஷன் இருக்கிற நெலமையில அவர வச்சு சிரிக்கறதா? நல்லாவா இருக்கும்?"

"வேணாம்தான். மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல."

மூன்றாம் பக்கத்தில், தெருவில் கிடந்த ஒரு கையுறையின் படத்தைப் போட்டோம். அடுத்த இதழிலும் அதேதான். அதற்கடுத்ததில் ஒரு முட்டைக்கோஸ்.

ஊரும் எங்களைப் போலவே மரியாதையாக நடந்துகொண்டது. ஹெட்லி வீட்டு வாசல்படியில் லசான்யா சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு மணியை அடித்து, கதவு திறப்பதற்குள் ஓடிப்போனார்கள். தெருவில் அவர் வருவதைக் கண்டால் எதிர்ப்பக்கம் மாறினார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாத பயம், அவ்வளவுதான். நான் மட்டும் என்ன ஒழுங்கு? மருந்துக்கடையில் அவர் குரல் கேட்டதும் இருமல் மருந்து அலமாரிக்குப் பின்னால் பதுங்கினேன். அவர் போகும்வரை ஒரே பாட்டிலின் லேபிளை நாலு தடவை படித்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை காலை, ஹெட்லி பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கக்கத்தில் 'எக்காளம்' ஐந்து இதழ். ஒவ்வொன்றாக எடுத்து, மூன்றாம் பக்கத்தைத் திறந்து, மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

"கையுறை," என்றார். "கையுறை. ஒரு முட்டைக்கோஸ். மறுபடியும் கையுறை. இது என்ன, வாத்தா?"

"வாத்துதான்," என்றார் கிளெம், தரையைப் பார்த்து.

"நான் செத்துட்டேனா?"

"ஐயோ, என்னப்பா பேச்சு இது?" என்றேன்.

"இல்ல, தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன். செத்தது டில்லிஸ்னு நெனச்சுட்டிருந்தேன். ஊருக்குள்ள நடந்தா ஒரு ஈ காக்கா பேசமாட்டேங்குது. தலைய ஒருபக்கமா சாய்ச்சுட்டு 'எப்படி இருக்கீங்க'ன்னு கேக்கறாங்க, பதில் சொல்றதுக்குள்ள காணாமப் போறாங்க. வீட்டுல ஒம்பது லசான்யா கெடக்கு. சரி, நம்ம பத்திரிகையாவது ஏதாச்சும் கேவலமா எழுதியிருக்கும்னு ஆசையா வாங்கிப் பாத்தா, கையுறை! ஏன் ஃப்ரீடா, எங்கிட்ட கிண்டல் பண்ண இனிமே ஒண்ணுமே இல்லையா?"

"உன் மனசு நோகுமேன்னுதான்..."

"நோகட்டும்! அது ஏற்கனவே நொந்துபோய்த்தான் கெடக்கு. அவ பேரக்கூட யாரும் சொல்லமாட்டேங்கறீங்களே. பத்து வாரமாச்சு. அந்தப் பேர நான் மட்டும்தான் சொல்லிட்டிருக்கேன், அதுவும் டீ கெட்டில்கிட்ட."

பத்து வாரமாக நாங்கள் அவருக்குக் காட்டிய மரியாதை எவ்வளவு பெரிய கொடுமை என்று அப்போதுதான் உறைத்தது. அவருக்கு அனுதாபம் தேவைப்படவில்லை. தன்னை மறுபடி ஊர்க்காரனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வந்திருந்தார்.

"கோட்டைப் போடு கிளெம்," என்றேன். "சேப்பல் வீதிக்குப் போறோம்."

ஹெட்லி டில்லிஸின் கேமராவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதை என் கழுத்தில் மாட்டிவிட்டு, குழியருகே போய் வழக்கமான இடத்தில் நின்றார். விரலை நீட்டினார். நான் கேமரா வழியாகப் பார்த்தேன். அந்த முகம் இல்லை. புருவம் இருந்தது, உதடு இருந்தது, கோபத்தைக் காணோம். பஸ்ஸைத் தவறவிட்ட பள்ளிப்பிள்ளை போல நின்றார்.

"கொஞ்சம் மொறைப்பா," என்றேன்.

"மொறைச்சுட்டுத்தான இருக்கேன்."

"நகராட்சிய நெனச்சுக்கோ," என்றார் கிளெம். "போன வாரம் உன் தெருவுல விளக்கு எரியல. அதை நெனை."

முயன்று பார்த்தார். முடியவில்லை. கையைக் கீழே போட்டார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? அது கோபமே இல்ல," என்றார். "பதினோரு வருஷமா ஒருநாளும் நான் கோபப்படல. அவ கேமராவுக்குப் பின்னாடி நின்னுட்டு, சாவு வீட்டுப் பாதிரியார் மாதிரி முகத்த வச்சுகிட்டு ஏதாச்சும் சொல்லுவா. 'ஹெட்லி, உன்ன இந்தக் குழியில போட்டா நகராட்சிக்கு மண்ணு மிச்சம், ஆனா தொப்பை வெளிய நிக்கும்'பா. சிரிச்சா படம் கெட்டுடும்ல? அடக்குவேன். நீங்க பாத்த மொறைப்பு அதான். சிரிப்ப அடக்குற மூஞ்சி."

ஊரே கோபம் என்று நம்பிய முகம்! நானும்தான் நம்பினேன், முப்பத்தொரு வருஷம் படங்களையே பார்த்துப் பிழைத்தவள். கிளெம் பாவம், தனக்குத் தெரிந்த ஒரே நகைச்சுவையைச் சொன்னார். தபால்காரரும் ஆட்டுக்கிடாவும் பற்றியது. நீளமானது. முடிந்தபோது ஹெட்லி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"விடுங்க. அவ இல்லாம மூஞ்சிய மட்டும் தேடினா எங்க கெடைக்கும்? நான் வீட்டுக்குப் போறேன்."

அந்த 'வீட்டுக்குப் போறேன்' எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மாதிரி வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். போனால் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள், அப்புறம் வெளியே வரமாட்டார்கள்.

"ஒண்ணே ஒண்ணு," என்றேன். "ஒரே ஒரு தடவ விரல நீட்டு. மூஞ்சி எப்படி இருந்தாலும் பரவாயில்ல, குழி அழகா விழட்டும்." அவர் அரைமனதாகக் கையைத் தூக்கினார். குழியின் மறுவிளிம்பு படத்தில் அடங்கவில்லை. ஓரடி பின்னால் வைத்தேன். இன்னும் ஓரடி. இன்னும் இரண்டு.

திடீரென்று முதுகுப்பக்கம் ஹாரன் அலறியது.

"டில்லிஸ்!" என்று கத்தினார் ஹெட்லி. "ஓரமா வாடி! எத்தன தடவ சொல்றது!"

விரல் நேராக என்னை நோக்கி நீண்டிருந்தது. புருவங்கள் முட்டிக்கொண்டன, கழுத்து நரம்பு புடைத்தது. அரண்டுபோன என் விரல் தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது.

ரொட்டிக்கடை வேன் அது. ஓட்டிவந்த மிசஸ் ஹார்ன்பிளோ கதவைத் திறந்து இறங்கி, ஹெட்லியைப் பார்த்ததும் கதவைப் பிடித்தபடியே நின்றார். ஹெட்லியின் கை இன்னும் கீழே இறங்கவில்லை. பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கிளெம் இன்னொரு பக்கம். இந்தத் தடவை யாரும் எங்கேயும் பதுங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "படம் விழுந்துதா?" என்றார்.

காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இதப் போடு."

"ஹெட்லி, இதை வச்சு எப்படிப்பா..."

"போடுங்கறேன்ல. தலைப்பு நான் சொல்றேன், எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. அடுத்த நாள் மூன்றாம் பக்கத்தில் வந்தது: 'மனைவி இன்னும் நடுரோட்டில்: உள்ளூர்வாசி புகார். ஓரமாக வரச்சொல்லி பதினொரு வருடம் கேட்டும் பலனில்லை. இனி எதுவும் செய்வதற்கில்லை என நகராட்சி கைவிரிப்பு. திருமதி டில்லிஸ் கிராக் கருத்துக் கூற மறுத்துவிட்டார்.'

அச்சுக்குக் கொடுத்த பிறகு ஊர் என்ன சொல்லுமோ, கொடூரம் என்று காறித்துப்புமோ என்று ஒரே கலக்கம்.

வெள்ளிக்கிழமை காலை ரொட்டிக்கடை வரிசையில் ஹெட்லிக்கு இரண்டு பேர் பின்னால் நான் நின்றேன். எல்லார் கையிலும் 'எக்காளம்'. அவர் முறை வந்தது. மிசஸ் ஹார்ன்பிளோ சாசேஜ் ரோலைக் காகிதத்தில் சுற்றினார், நிறுத்தினார், அவரை நேராகப் பார்த்தார்.

"ஹெட்லி, உம் பொண்டாட்டிக்கு மட்டும் நான் நாப்பது தடவ ஹாரன் அடிச்சிருப்பேன். ஒரு தடவகூட திரும்பிப் பாக்கல அந்தப் பொம்பள."

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்று பின்னாலிருந்து பஸ் டிரைவர் சத்தம் போட்டார். "பஸ்ஸ நிறுத்தி இறங்கிப் போனா, 'கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சத்த மறைக்கறீங்க'ன்னாங்க!"

"என் டயர் ஒரு தடவ கேக்குமேல ஏறிடுச்சு," என்றார் பாதிரியார். "குழியோட பிறந்தநாளுக்கு. டில்லிஸ் என்கிட்ட மெழுகுவத்திக்குக் காசு கேட்டாங்க."

கடை முழுக்கச் சிரித்தது. ஆளாளுக்கு அவள் பேரைச் சொன்னார்கள். ஹெட்லி ஒவ்வொருவர் கதையையும் திருத்திக்கொண்டிருந்தார்: கேக் இல்லை, அது பன்; நாற்பது இல்லை, அறுபது. பின்னால் வரிசை தெருவரைக்கும் நீண்டது. "சீக்கிரம் நகருய்யா, குழிக்காரரே, பசிக்குது!" என்று யாரோ அதட்டினார்கள். ஹெட்லி திரும்பி முறைத்தார். அந்த முகத்தைப் பார்த்து இனி நான் ஏமாறமாட்டேன்.

அடுத்த வாரம் தொடங்கியது அது. யார் முதலில் செய்தது என்று தெரியாது. பஸ் டிரைவர் என்றுதான் என் சந்தேகம். சேப்பல் வீதிக் குழியைத் தாண்டும்போது ஹாரனை ஒரே ஒரு தடவை, மெல்ல அடித்தார்கள். ரொட்டி வேன் அடித்தது. பாதிரியார் அடித்தார். அதுவரை ஹாரனைத் தொட்டே பார்க்காத டாக்டரம்மாகூட அடித்தார். ஹெட்லி வீட்டு ஜன்னலுக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

அடுத்த இதழுக்கு ஒரு வாசகர் கடிதம் வந்தது. இதுவரை நாங்கள் வெளியிட்ட கடிதங்களையெல்லாம் நானும் கிளெமுமே எழுதிக்கொண்டோம். இது ஒன்றுதான் நிஜமாக வந்தது.

'ஆசிரியர் அம்மாவுக்கு,

சேப்பல் வீதியில் சாலை காலியாக இருக்கும்போதும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நேற்று மட்டும் முப்பத்திரண்டு முறை. எண்ணிவிட்டேன். முந்தாநாள் முப்பத்தைந்து. இந்தக் குறைவுக்கு யார் பொறுப்பு என்று அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
கோபத்துடன்,
ஹெட்லி கிராக்.'