ரூபியை அணைத்த பிறகு

உம்மா மவுத்தாகி அடக்கமாகி, தம்பி றுமைஸும் கட்டாருக்குப் போன பிறகு சாய்ந்தமருது வீட்டில் ஹப்ஸா ஒருத்திதான். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதினாள். கம்பனி ஆட்கள் கூடிக் கதைப்பது ஒரு திறந்த மூல அரட்டைச் செயலியில்.

அந்தச் செயலிக்குள் தோழி சிவரூபினியின் குறும்பும் ஒன்று கிடந்தது. அக்கரைப்பற்றில் இருவரும் ஒரே கந்தோரில் வேலை செய்த காலத்தில், ரூபி என்ற நிரல் மொழியில் சில வரி எழுதி ஹப்ஸாவின் கணினியில் போட்டுவிட்டிருந்தாள். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில் திரையில் ஒரு வரி வரும்: “புள்ள, தேத்தண்ணி குடிச்சயா?”

சிவரூபினி கலியாணம் முடித்து மெல்பேர்ண் போய்விட்டாள். அந்த வரி மட்டும் நாள் தவறாமல் வந்தது. “ஓம், குடிச்சன்” என்று ஹப்ஸா தட்டுவாள். யாருக்கும் போய்ச் சேராத பதில்தான், அது அவளுக்குத் தெரியும். சில நாட்களில் கறிக்கு என்ன மீன் வாங்கினாள் என்பதையும் சேர்த்துத் தட்டுவாள்.

போன கிழமை கணினியின் இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் செயலி திறக்க மறுத்தது. மூல நிரலை இறக்கி, அதிலிருந்து செயலியைப் புதிதாகக் கட்டிப் பார்த்தாள். பாதியில் நின்றது. பைத்தன், பேர்ல், ரூபி என்று பல மொழிகளுக்கு அந்தச் செயலியில் இடமிருந்தது. புதிய ரூபியோடுதான் அது ஒத்துப்போகவில்லை. பழைய ரூபியைத் தேடிப்பிடித்துப் போட்டாள். நிரலில் கைவைத்தும் பார்த்தாள். திரும்பத் திரும்ப அதே பிழை.

கம்பனியில் அவளுக்கு மேலே இருந்த றிபாத் அழைத்தான். “என்ன ராத்தா, ரெண்டு நாளா ஆளக் காணல்ல?”

“செயலியக் கட்ட ஏலாம இரிக்கி தம்பி. ரூபியில நிக்குது.”

“ரூபி கட்டாயமில்லத்தானே? அத ஓஃப் பண்ணிட்டுக் கட்டுங்க. நம்மட வேலைக்குப் பைத்தன் மட்டும் காணும்.”

அது அவளுக்கும் முதலிலேயே தெரிந்ததுதான். கட்டளையில் ரூபிக்கு நேரே ‘ஓஃப்’ என்று எழுதிவிட்டு விசையை அழுத்தினாள். ஒரு பிழையும் இல்லாமல் கட்டி முடிந்தது.

அன்று அஸருக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், ஃபோனை எடுத்து மெல்பேர்ணுக்கு அழைத்தாள்.

“ஹப்ஸாவா! என்ன புள்ள, அதிசயமா இரிக்கி?”

“நீ எழுதித் தந்தது இனி ஓடாதுடி. ரூபிய அணைச்சிட்டன்.”

“நான் எழுதினதா? என்னது?”

ஹப்ஸா சொன்னாள். சிவரூபினிக்கு நினைவு வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தாள். “அட கடவுளே, அத இன்னுமா வெச்சிருந்தாய்? பைத்தனில மாத்தி எழுதித் தரட்டா?”

“வேணாம்.”

சிரிப்பு நின்றது. “வீட்டுல ஆரு இரிக்கா?”

“தம்பி வந்திரிக்கான்” என்றாள் ஹப்ஸா.

“அப்ப நல்லம். இஞ்ச புள்ள அழுகுது, ஞாயிற்றுக்கிழமை நானே கோல் எடுக்கன், என்ன?”

சொன்னது பொய். ஃபோனை வைத்த கையோடு கட்டாரிலிருக்கும் றுமைஸுக்கு அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. பிறகு ஒரு செய்தி வந்தது: “வேலையில இரிக்கன் ராத்தா. என்னவும் அவசரமா?”

“இல்ல” என்று எழுதி அனுப்பினாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தாள். அங்கே குடும்பம் குடும்பமாகச் சனம் உட்கார்ந்திருந்தது.