இரண்டு போனுக்கும் ஒரே நொடி

அந்த நிறுவனத்தில் மொத்தமே மூன்று பேர், மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள். ஒரு வகைப் போனுக்கு அக்கா நிரல் எழுதினாள். அதற்குப் போட்டியான போனுக்குத் தம்பி எழுதினான். வெளியாட்களிடம் பேசுவது அக்காவின் கணவர். நர்சுகள் தங்களுக்குள் ஷிப்ட் மாற்றிக்கொள்ள ஓர் ஆப் செய்திருந்தார்கள். மூன்று வயிறும் அதை நம்பித்தான்.

அன்று கணவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். அக்கா எழுதும் போனின் கம்பெனி மெயில் அனுப்பியிருந்தது. தங்கள் ஆப் ஸ்டோரின் முகப்பிலேயே இந்த ஆப்பை வைக்கிறார்களாம். ஒரே நிபந்தனை: எதிராளியின் போனில் ஆறு மாதத்துக்கு இது இருக்கக் கூடாது. நாலு மணிக்குள் பதில் வேண்டும்.

“பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு!”

“யாரோட பால்ல?” என்றாள் அக்கா.

தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒத்துக்கக்கா. என் பாதிய எடுத்துடு. நான் வேற எடத்துல வேலை தேடிக்கறேன்.”

“பாரு, மச்சானே சொல்லிட்டான்.”

“அவன் கிடக்கான், பெரிய தியாகி!”

முகப்பில் தன் கைவேலை நிற்பதை அவளும் கனவு கண்டவள்தான், பொய் சொல்வானேன்? ஆனால் போன வருஷம் நடந்ததை அவளால் விழுங்க முடியவில்லை. அவளுடைய புதுப் பதிப்பு முதலில் வந்தது, தம்பியுடையது மறுநாள்தான் வந்தது. இடைப்பட்ட இரவில் ஒரு நர்ஸ் மாற்றிவிட்ட ஷிப்ட், பழைய பதிப்பே இருந்த மற்றவளின் போனுக்குப் போய்ச் சேரவே இல்லை. விடியும்போது வார்டில் ஆள் இல்லை. திட்டு வாங்கிய நர்ஸ் நேரே இங்கே வந்து, “ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இரண்டு பதிப்பையும் ஒரே நொடியில்தான் வெளியிடுகிறார்கள்.

“ஏங்க, ஷிப்ட் மாத்தறதுக்கு முன்னாடி, உன் கையில எந்த போன்னு கேக்கணுமா அவங்க? பாதிப் பேர் இல்லாத ஆப்புல யாரு யாரோட மாத்துவா?”

“ஆறு மாசம்தானேம்மா...”

“ஆறு மாசம் மூச்சை அடக்கிட்டு இருங்களேன், பாப்போம்.”

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புதுப் பதிப்பு இரண்டு கணினியிலும் தயாராகக் காத்திருந்தது. அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“கையை வை. ஒண்ணு, ரெண்டு...”

“அக்கா, மாமாவைக் கேக்க வேணாமா?”

“மூணு!”

இருவரும் வெளியிடும் பொத்தானை அழுத்தினார்கள்.

கணவர் சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பெருமூச்சோடு லேப்டாப்பைத் திறந்தார். “சரி, மரியாதையா எப்படி எழுதறது?”

“மரியாதை எவ்வளவு வேணாலும் போட்டுக்குங்க,” என்றாள். “முடியாதுங்கறது மட்டும் முதல் வரியில இருக்கட்டும்.”